தரையா, வானமா

பல் பட்டறையில் எல்லோருக்கும் வேலையை வைத்துத்தான் பெயர். மெழுகில் பல் பதிப்பவள் மெழுகக்கா. பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒற்றைப் பல் கட்டுகிறவன் பீங்கான். செய்து முடித்த பல் செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பவர் சைக்கிள். மோட்டார் பைக் வாங்கிய பிறகும் அவர் சைக்கிள்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அக்கா என்றாலும் மெழுகக்காவுக்கு அப்போது வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. அவள் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் தானாகவே தம்பியாகிவிடுவார் என்பதால் வந்த பட்டம் அது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கடைக்காரர் மட்டமான மெழுகை அனுப்பிவிட்டால் கடைக்கே போன் போட்டு, "இது பல்லு செய்யறதுக்கா, கரன்ட் போனா ஏத்தி வைக்கறதுக்கா?" என்று கேட்பாள். முதலாளி பக்கத்தில் நின்று, போனைப் பிடுங்கவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் தவிப்பார்.

பீங்கான் அதற்கு நேர் எதிர். வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கத்தான் வேண்டும். மயிரிழைத் தூரிகையால் பொடியை ஒற்றுவான், காகிதத்தால் ஈரத்தை எடுப்பான், சூளையில் வைத்துச் சுடுவான், எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒற்றுவான். முன்பல்லின் நுனியில் வெளிச்சம் ஊடுருவுகிற இடத்தில் மெல்லிய நீலச் சாயல் ஒன்று இருக்கும். அது சரியாக வருகிற வரைக்கும் அவனை அசைக்க முடியாது. மதிய இடைவேளைக்கு மணி அடித்தாலும் ஜன்னலோரம் நின்று பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்படிப்பட்டவன் விளையாட்டில் எப்படி ஆடுவான் என்று கேட்டால் எல்லோரும் தப்பாகத்தான் சொல்லுவார்கள். மெழுகக்காவும் தப்பாகத்தான் நினைத்தாள்.

முதலாளியின் மகன் மேல்படிப்புக்குப் போன வருஷம் அவனுடைய பழைய வீடியோ கேம் பெட்டி பட்டறைக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் வைத்திருந்தால் இடத்தை அடைக்கிறது என்று முதலாளியம்மா அனுப்பிவிட்டார். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. தட்டு உள்ளே சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. தட்டில் ஒரே ஒரு டிஸ்க். நெம்பினால் பெட்டியே போய்விடும். ஆகவே அந்தப் பெட்டியில் காலத்துக்கும் ஒரே ஒரு விளையாட்டுத்தான் ஆட முடியும், அது அமெரிக்கன் ஃபுட்பால்.

பட்டறையில் ஒருவருக்கும் அந்த ஆட்டத்தின் தலையும் தெரியாது வாலும் தெரியாது. சாப்பாட்டு அறை டிவியில் அதை இணைத்து, ஆளுக்கொரு டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஃபுட்பால் என்று பெயர், காலுக்கு வேலையே இல்லை. பந்து உருண்டையாகவும் இல்லை. தலைக்கவசம் போட்ட தடியன்கள் பதினோரு பேர் ஒரு பக்கம், பதினோரு பேர் மறு பக்கம். விசில் அடித்தால் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள், எழுந்து துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்கிறார்கள். "பந்தை விட்டுட்டு ஆளைத்தான் அடிக்கிறானுங்க, இதுக்கு எதுக்குப் பந்து?" என்றார் சைக்கிள்.

ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்துப் பார்த்து, ஒரு மாதத்தில் ஓரளவு பிடிபட்டது. பந்து கையில் இருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் பத்து கஜம் முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நாலு. முடியாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். நாலாவது வாய்ப்பில் வம்பே வேண்டாம் என்று பந்தை எட்டி உதைத்து எதிராளியைத் தூரத்திலிருந்து தொடங்கவைக்கவும் செய்யலாம். அப்படி உதைப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் தானம். இருப்பதை நாமே எடுத்து அடுத்தவனுக்குக் கொடுப்பதை வேறு எப்படிச் சொல்வது?

ஒரு சீசன் தொடங்கும்போது பெட்டி ஒரு கேள்வி கேட்கும். உன் அணி எந்தப் பாணியில் தாக்கப்போகிறது? பந்தை அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி மோதி இரண்டு கஜம், மூன்று கஜம் என்று ஓடுகிற பாணி ஒன்று. பந்தைத் தூக்கித் தொலைவில் ஓடுகிறவனுக்கு எறிகிற பாணி இன்னொன்று. இரண்டும் கலந்தது, குட்டிக் குட்டியாக எறிவது என்று வேறு சிலவும் உண்டு. அவற்றை அங்கே யாரும் மதிக்கவில்லை. ஒரு தடவை தேர்ந்தெடுத்துவிட்டால் சீசன் முடிகிற வரைக்கும் மாற்ற முடியாது, அவசரத்துக்கு எப்போதாவது ஒரு தடவை மட்டும் மற்றதை ஆடிக்கொள்ளலாம். பட்டறை மொழியில் ஓடுவது தரை, எறிவது வானம்.

மெழுகக்கா தரை. இதுதான் எல்லோருக்கும் முதல் ஆச்சரியம். வாயில் பட்டாசு வைத்திருக்கிறவள், பந்து கையில் கிடைத்ததும் பொறுமையின் திலகமாகிவிடுவாள். இரண்டு கஜம். மறுபடி இரண்டு கஜம். நடுவில் ஆளை அடுக்கினால் ஓரத்தால் ஒரு கஜம். நாலாவது வாய்ப்பில் சந்தேகம் என்றால் யோசிக்காமல் தானம். "இன்னிக்கு இல்லன்னா அடுத்த தடவை. பந்து எங்க ஓடிப்போகப் போகுது?" என்பாள்.

பீங்கான் வானம். ஒரு பல்லுக்கு ஒரு பகல் செலவழிக்கிற மனுஷன், முதல் வாய்ப்பிலேயே பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டெறிவான். விழுந்தால் விழட்டும். இரண்டாவது வாய்ப்பிலும் எறிவான். நாலாவதில் தானம் செய்வதை மானப் பிரச்சினையாக நினைத்தான். அவன் அணி ஒரு நாள் மலைபோல் புள்ளிகளைக் குவிக்கும், மறுநாள் மண்ணைக் கவ்வும். "நாள் பூரா ஒத்தி ஒத்தி வேலை செய்றேன். இங்கயும் ஒத்தணுமா?" என்று கேட்டான். அவன் அந்த வாரத்தில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு பேரும் எதிரெதிரே ஆடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பெட்டியோடு வந்த இரண்டு ஜாய்ஸ்டிக்கில் ஒன்றின் மேல் சைக்கிள் அக்ரிலிக் திரவத்தைக் கொட்டிவிட்டார். பல் செட்டுக்கு ஈறு வார்க்கிற திரவம் அது. பிளாஸ்டிக்கைக் கண்டால் சும்மா விடாது. மறுநாள் பார்த்தபோது பட்டன்கள் எல்லாம் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. மிச்சம் ஒன்றுதான். அதற்கு இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். மதிய நேரத்துச் சண்டை சூளை அறை வரைக்கும் கேட்கவே முதலாளி எழுந்து வந்தார்.

"ஒரே அணியா ஆடுங்க. ஒரு சீசன் ஒருத்தர் பாணி, அடுத்த சீசன் அடுத்தவர் பாணி. யார் பாணியோ அவங்க வாயால சொல்லணும், மத்தவங்க கையால ஆடணும். சொல்றவங்க தொடக்கூடாது, ஆடுறவங்க பேசக்கூடாது" என்றார். சாப்பிட்ட கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அவர்களுக்கு அது சட்டமாகிவிட்டது.

ஆகவே மெழுகக்காவின் தரை சீசனில் ஓடியது பீங்கானின் விரல்கள். பீங்கானின் வானம் சீசனில் எறிந்தது மெழுகக்காவின் விரல்கள். பிடிக்காத பாணியைக் கையால் செய்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதென்றால் சும்மாவா? மெழுகக்காவுக்கு அது சித்திரவதை. "எறி" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு எறிவாள். அது பாதி வழியில் எதிராளி கையில் போய் உட்காரும். திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அவன் கூரையைப் பார்ப்பான். அவளுக்குப் பேச அனுமதியில்லை என்ற ஒரே காரணத்துக்காகவே பட்டறையில் பாதிப் பேர் வானம் சீசனை ஆவலோடு எதிர்பார்த்தார்கள்.

பேச்சிலும் ஒரு வேடிக்கை இருந்தது. வேலை நேரத்தில் "அந்த மூணாம் நம்பர் கேஸை முடிச்சிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பவள், தன் சீசன் வந்து ஜாய்ஸ்டிக் அவன் கைக்குப் போனதும் "டேய், இடதுபக்கம் போடா!" என்பாள். அவனுக்கு அது பிடித்திருந்தது என்பது யாருக்கும் தெரியாது. சைக்கிளுக்கு மட்டும் தெரியும், சைக்கிளுக்குத் தெரியாத விஷயம் பட்டறையில் கிடையாது.

இப்படியே சில வருஷங்கள். ஒரு மதியம், தரை சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து திரையில் வெற்றிக் கூட்டம் குதித்துக்கொண்டிருந்தபோது பீங்கான் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "அடுத்தது என் சீசன். அதுக்கப்புறம் உங்க சீசன். சாப்பாட்டு நேரம் பத்தமாட்டேங்குது. வீட்டுல வச்சு ஆடலாமா?"

"யார் வீட்டுல?" என்றாள் அவள், விளங்காதவள் போல.

"நம்ம வீட்டுல."

அவ்வளவுதான். முதல் வாய்ப்பிலேயே விட்டெறிந்துவிட்டான். மெழுகக்கா எழுந்துபோய் டிபன் பாக்ஸைக் கழுவினாள், ஏற்கெனவே கழுவியதை மறுபடி கழுவினாள். திரும்பி வந்து, "தானம் பண்ண எனக்கு இஷ்டமில்ல, வச்சுக்கறேன்" என்றாள். சைக்கிள் கை தட்டினார். கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்த பரிசு அந்தப் பெட்டிதான். தட்டு அப்போதும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் பெட்டி அவர்கள் கூடத்தில் டிவிக்குக் கீழே இருந்தது. ஜாய்ஸ்டிக்கின் ஓடு உடைந்தபோது மெழுகக்கா அதை ஈறு வார்க்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்கால் ஒட்டினாள். ஒரு பட்டன் தொலைந்தபோது பீங்கான் ஒரு கடைவாய்ப்பல்லைத் தட்டையாகத் தேய்த்துப் பொருத்தினான். வீட்டுக்கு வந்தவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்துவிடுவார்கள்.

மகள் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், அந்தச் சத்தத்திலேயே பாடம் படித்தாள். வீட்டில் எந்த முடிவெடுக்கும்போதும் "தரையா, வானமா?" என்பதே கேள்வி. மகள் தூரத்து நகரத்தில் வேலைக்குப் போக வேண்டுமென்று நின்றபோது மெழுகக்கா தரை, பக்கத்திலேயே ஒரு வேலை பார் என்றாள். பீங்கான் வானம், மூட்டையைக் கட்டு என்றான். மகள் அப்பாவின் சீசன் நடக்கிறதா அம்மாவின் சீசன் நடக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்பாவின் சீசன்தான் என்றதும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள். அன்றைக்கு மெழுகக்கா அழுதது நிஜம், ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று வாயை மூடிக்கொண்டாள். இப்போது நினைத்தால் அந்த நாட்கள் எல்லாமே ஒரு நீண்ட மதிய இடைவேளை போலத்தான் அவளுக்குத் தோன்றும். மணி அடிக்கும், எழுந்து போக வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மணி ஒரு காலைப்பொழுதில் அடித்தது. பட்டறையில் பீங்கானின் கையிலிருந்து தூரிகை விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் எழவில்லை. ஆஸ்பத்திரி, ஊசி, குழாய் என்று நாட்கள் ஓடி, வீட்டுக்கு வந்தபோது கால் வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது, வாயோரம் மட்டும் லேசாக ஒரு பக்கம் இழுத்தது. வலது கை வரவில்லை. தோளைத் தூக்க முடிந்தது. விரல்கள் அவனுடையவை இல்லாதது மாதிரிக் கிடந்தன.

பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் வீட்டுக்கு வந்துபோனாள். "நரம்பு மறுபடி கத்துக்கற காலம் இது. இந்தச் சில மாசம் விரலுக்கு வேலை கொடுத்தா திரும்ப வரும். விட்டுட்டீங்கன்னா இப்படியே நின்னுடும்" என்று தெளிவாகச் சொன்னாள். ஸ்பாஞ்ச் பந்து கொடுத்தாள். கிளிப்பை மாட்டிக் கழற்றச் சொன்னாள். அவள் இருக்கிற வரைக்கும் செய்வான், வாசல் கதவு சாத்தியதும் எல்லாவற்றையும் நகர்த்தி வைத்துவிடுவான். மெழுகக்கா பட்டறையிலிருந்து மெழுகுக் கட்டி கொண்டுவந்து பிசையச் சொன்னாள். அதுவும் மேஜையில் கிடந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் பார்க்க வந்த முதலாளி, நல்ல எண்ணத்தில்தான், தூரிகையும் கொஞ்சம் பொடியும் கொண்டுவந்தார். பீங்கான் குழைத்து ஒற்றிப் பார்த்தான். பல் நிற்கவில்லை, குவியல் சரிந்து தட்டில் பரவியது. முதலாளி "அதனால என்ன" என்றார். அன்றிலிருந்து வலது கையை ஒரு துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தான். பேச முடிந்தும் பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த மௌனம் வேறு. இதைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்தது. கை போய்விடுமோ என்பதைவிட, கையோடு சேர்த்து ஆளும் போய்விடுவானோ என்று பயந்தாள்.

பிசியோ பெண்தான் ஒரு நாள் டிவிக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தாள். "சார் கேம் ஆடுவாரா? இதைவிட நல்ல பயிற்சி எது? தினமும் ஆடச் சொல்லுங்க!"

அவள் போனதும் மெழுகக்கா ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அவன் அதை இடது கையால் எடுத்து அவள் பக்கமே நீட்டினான்.

"என் சீசன் பாதியில நிக்குது. நான் சொல்லணும். நீதான் ஆடணும்."

அது உண்மை. அவன் விழுவதற்கு முந்தின வாரம் வரைக்கும் வானம் சீசன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தடவை அதிசயமாக ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. சட்டப்படி ஜாய்ஸ்டிக் அவள் கையில்தான் இருக்க வேண்டும். அவள் ஆடினாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எறி... எறி..." என்றான். ஒரு ஆட்டம்கூட முடியவில்லை, களைப்பாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டான். விரலுக்கு என்ன பயிற்சி இதில்? அவளுடைய விரல்கள்தான் நன்றாக இருந்தன, ஏற்கெனவே.

அப்போதுதான் மெழுகக்கா அந்தக் காரியத்தைச் செய்தாள். யோசித்துச் செய்தேன் என்று பின்னால் மகளிடம் சொன்னாள். யோசித்தவள் செய்கிற காரியமில்லை அது. தன்னுடைய சீசன் தொடங்கிவிட்டால் சட்டப்படி அவன் கைக்கு ஜாய்ஸ்டிக் போகும். தரை பாணிக்கு இடது கைக் குமிழும் வலது கட்டைவிரலுக்கு ஒரு பட்டனும் போதும், பச்சைப் பிள்ளையும் ஆடலாம். அவன் மதியம் தூங்கும்போது புதிய சீசன் தொடங்கினாள். தரையைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டிக்கு ஒரு சீசனைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியும். பழையதை அழிக்கட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள்.

அவன் எழுந்து வந்தான். திரையில் தோல்வியும் வெற்றியும் இல்லாத புத்தம் புதிய அணி நின்றது.

"என் சீசன் எங்க?"

"அழிச்சுட்டேங்க. இப்ப என் சீசன். நீங்க ஆடுங்க, நான் சொல்றேன். விரலுக்கு..."

"யாரைக் கேட்டு அழிச்ச?"

சத்தமாகக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள், அது ஒரு மாதிரி சரியாகியிருக்கும். அவன் எழுந்து உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அதன் பிறகு சாப்பாட்டுக்கு "ம்", மாத்திரைக்கு "ம்". பிசியோ பெண் வந்தாலும் கையை நீட்டவில்லை.

இரண்டு நாள் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வீடியோ கேமுக்கா இவ்வளவு? வயசென்ன, பேச்சென்ன? மூன்றாம் நாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது சட்டென்று புரிந்து, கை நின்றுவிட்டது. அவன் மேஜையில் பாதியில் விட்டுவந்த பற்களை எல்லாம் பட்டறையில் வேறு ஆள் முடித்துக் கொடுத்தாகிவிட்டது. கை விழுவதற்கு முன் அவன் தொடங்கியதில், இன்னும் அவனுக்காகக் காத்திருந்தது அந்த ஒரு சீசன்தான். அதிலும் அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். அதைப் போய் அவள் துடைத்துவிட்டாள்.

ஈரக் கையோடு படுக்கையறை வாசலில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். "நான் பண்ணது தப்பு. பெரிய தப்பு. உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றாள். அவன் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மிச்சப் பாத்திரத்தை விளக்கப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது கூடத்தில் ஆட்டத்தின் தொடக்க இசை கேட்டது. பீங்கான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். துண்டு தரையில் கிடந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி, ஒரு பாத்திரத்தை எடுத்து அலமாரியில் வைப்பது மாதிரி, ஜாய்ஸ்டிக்கின் மேல் வைத்துக்கொண்டான். அவள் தொடங்கிய சீசனை அவன் அழித்திருந்தான், திரையில் அந்தப் பழைய கேள்வி நின்றது.

"தரையை எடுங்க. ஒரு பட்டன் போதும்" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அவன் வானத்தை எடுத்தான்.

வானத்துக்கு வலது கட்டைவிரல் வேண்டும். நாலு பட்டன், நாலு ஓட்டக்காரர்கள். எவன் தப்பித்து ஓடுகிறானோ அவனுடைய பட்டனைக் கண் இமைப்பதற்குள் அழுத்த வேண்டும். அவன் கட்டைவிரல் கிளம்பி, யோசித்து, பட்டனைப் போய்ச் சேர்வதற்குள் தடியன்கள் வந்து எறிகிறவனை மண்ணில் சாய்த்திருப்பார்கள். மறுபடி. மறுபடி. அவமானமான தோல்வி. பெட்டிக்கே பரிதாபம் வந்திருக்கும். மெழுகக்கா வாயைத் திறந்தாள். "நான் சொல்லட்டுமா? இல்ல, நான் ஆடட்டுமா?"

"சும்மா இரு."

சட்டம் உடைந்தது. அவனே சொன்னான், அவனே ஆடினான். வாய்க்கும் வேலையில்லை, கைக்கும் வேலையில்லை என்று அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் போனில் கேட்டாள்.

"அப்பா என்னம்மா பண்றார்?"

"தோத்துக்கிட்டு இருக்கார்."

"சோகமா இருக்காரா?"

"கொலைவெறியில இருக்கார்."

"அப்பாடா" என்றாள் மகள்.

தினமும் தோற்றான். காலையில் ஒரு தோல்வி, மாலையில் ஒரு தோல்வி. கட்டைவிரல் ரொம்பத் தாமதம் என்பதிலிருந்து தாமதம் என்று ஆனது. அப்புறம் கொஞ்சம் தாமதம். ஒரு பந்து எப்படியோ காற்றில் ஏறி யாருமே இல்லாத இடத்தில் போய் விழுந்தபோது மெழுகக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்ததற்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடுகிறது என்று பிசியோ பெண் கூவினாள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். மெழுகக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு வலியும் இருந்தது. கையும் திரும்புகிறது, ஆளும் திரும்புகிறான், ஆனால் அவள் அழித்ததை அவன் மன்னிக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்தப் பெட்டி முன்னால் அவளுக்கென்று ஒரு பாதி இருந்தது. இப்போது அவன் முழுசையும் தானே வைத்துக்கொண்டான். அவள் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு முகமில்லை.

அந்தச் சீசனின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் வந்தது. பட்டம், கோப்பை எதுவும் கிடையாது. அவன் அணி பட்டியலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைக்கு என்னவோ ஆட்டம் கிட்டத்தில் நின்றது. கடைசி நிமிஷம். தாண்டினால் புள்ளி கிடைக்கிற கடைசிக் கோட்டுக்கு இரண்டே கஜம். நாலாவது வாய்ப்பு. தாண்டினால் வெற்றி, சீசனின் முதல் வெற்றி. விட்டால் அதுவும் இல்லை.

பீங்கான் ஆட்டத்தை நிறுத்தினான். திரை அப்படியே உறைந்து நின்றது. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மெழுகக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லு" என்றான்.

கத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு கஜம் என்றால் கேள்வியே இல்லை. பந்தை அணைத்துக்கொண்டு முட்டி மோதி உள்ளே விழ வேண்டியதுதான். வாழ்நாள் முழுக்க அவள் சொல்லி வந்தது அதைத்தான். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பட்டன்களின் மேல் தயாராக நின்ற அவன் கட்டைவிரலைப் பார்த்தாள். தரை என்றால் அதற்கு ஒரு பட்டனைத் தாண்டி வேலையில்லை. இத்தனை நாள் அது தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டதைப் பார்க்காமல் ஒரு வெற்றியை வாங்கி என்ன செய்வது? ஜெயிப்பது யாருக்கு வேண்டும்?

"வானம்" என்றாள். "தூக்கி எறிடா!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரல் அழுத்திவிட்டது. பந்து சரியான நேரத்துக்குக் கிளம்பி, மூலையில் தனியாக நின்றவனை நோக்கி, நூல் பிடித்த மாதிரி போனது. போய், அந்தப் பாவி கையில் பட்டு, நழுவிக் கீழே விழுந்தது. எதிரணி குதித்தது. ஆட்டம் முடிந்தது.

பிறகு பீங்கான் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டு அவள் பக்கம் முழுசாகத் திரும்பினான்.

"ஏன்டி, புத்தி கெட்டவளே! ரெண்டு கஜத்துக்கு யாராவது எறிவாங்களா? சும்மா உள்ள தள்ளிட்டுப் போயிருந்தா ஜெயிச்சிருக்கலாமே! இத்தனை வருஷமா என் உயிரை வாங்கினியே, தரை தரைன்னு, இன்னிக்குப் பார்த்தா உனக்கு வானம் வேணும்? கடைசி ஆட்டத்துல? அதுவும் நாலாவது வாய்ப்புல? யார்கிட்ட கத்துக்கிட்ட இந்தக் கேனத்தனத்தை?"

விழுந்த நாளிலிருந்து அவன் மொத்தமாகப் பேசியதைவிட அது நீளம். திட்டிக்கொண்டே வலது கையை உயர்த்தி அவள் பக்கம் ஆட்டினான், விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடின. அவன் அதைக் கவனிக்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, திட்டு பாதியில் சிரிப்பாக மாறியது.

மெழுகக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, இன்னும் திட்டு, இன்னும் திட்டு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.